முறிந்தது யாருக்கு?

சாளை மீன் பெட்டியை அண்ணனும் தம்பியுமாகத் தூக்கிக்கொண்டு குளச்சல் துறையின் படியேறும்போது இரண்டு பேரும் சேர்ந்தே வழுக்கி விழுந்தார்கள். ஏலத்துக்கு நின்றிருந்த ராகேல் ஓடிப்போய்ப் பார்த்தாள். அவள் புருஷன் ததேயுஸ் வலது காலைப் பிடித்துக்கொண்டு துறையே அதிரக் கத்திக்கொண்டிருந்தான். கொழுந்தன் சத்தியநேசன் அதற்குள் எழுந்து, சிதறிய மீனை இடது கையால் பொறுக்கத் தொடங்கியிருந்தான்.

“எலும்பு போச்சுட்டி! நான் இனி கடலுக்குப் போவ மாட்டேன்!”

“உனக்கு என்னல மக்கா?” என்று கொழுந்தனைக் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல மைனி. கை கொஞ்சம் மடங்கிச்சு. நீங்க அண்ணனப் பாருங்க.”

ததேயுஸின் கணுக்கால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. கூட்டம் கூடிவிட்டது. “கால வெடுக்குன்னு இழுங்கல, எலும்பு குழியில போய் உக்காரும்” என்றது ஒரு குரல். தக்கலையிலிருந்து மீன் எடுக்க வரும் செல்லத்தாய், “எண்ணெய சூடாக்கி அழுத்தி நீவு பிள்ளே” என்றாள்.

சுனாமிக்கு அடுத்த வருஷம் கோயில் மண்டபத்தில் நடந்த முதலுதவி வகுப்புக்கு ராகேல் இரண்டு நாள் போயிருந்தாள். இப்போது ஒன்றும் வரிசையாக ஞாபகம் வரவில்லை. ஐஸ் வைக்கச் சொன்னார்களா, சூடு வைக்கச் சொன்னார்களா? இழுக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது என்பது மட்டும் நிச்சயம்.

“ஆரும் காலத் தொடப்படாது!” என்று கத்தினாள். கத்திய பிறகுதான் பயம் வந்தது. கையெட்டும் தூரத்தில் மீனுக்குப் போடும் ஐஸ்தான் இருந்தது. நொறுக்கிய ஐஸைத் துவர்த்துத் துண்டில் பொதிந்து வீக்கத்தின்மேல் வைத்து, காலை மெல்ல ஒரு மீன்பெட்டிமேல் உயர்த்தினாள். செய்தது சரியா தப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போது யாரோ சத்தியநேசனிடம் சாயா கொடுத்தார்கள். அவன் வலது கையை நீட்டாமல் இடது கையால் வாங்கினான். முகம் வெளுத்து, நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. ராகேல் அருகே போய்ப் பார்த்தாள். மணிக்கட்டு கரண்டி மாதிரி வளைந்திருந்தது.

“விரல அசை மக்கா.”

நுனி மட்டும் லேசாக அசைந்தது.

கத்துகிறவனுக்கு முறிவா, பேசாமல் நிற்கிறவனுக்கா, இரண்டு பேருக்குமா? சந்தேகமாக இருந்தால் முறிவென்றே வைத்துக்கொள் என்று வகுப்பில் சொன்னது அந்த நேரத்தில்தான் வந்து விழுந்தது. ஆப்பரேஷன் வேண்டியிருந்தால் வயிறு காலியாக இருக்கணுமே என்று சாயாவைப் பிடுங்கினாள். அவன் விழித்தான்.

“மோதிரத்த கழட்டு.”

“போன மாசம் நிச்சயத்துக்குப் போட்டது மைனி. அதக் கழட்டப்படாது.”

“விரல் வீங்கிச்சுன்னா அறுத்துத்தான் எடுக்கணும். தா.”

சோப்பு தேய்த்துக் கழற்றினாள். வளைந்த கையை நிமிர்த்தாமல், துணி சுற்றிய பெட்டிப் பலகை ஒன்றை அடியில் கொடுத்து, முறிவைத் தொடாமல் மேலும் கீழும் கட்டினாள். இன்னொரு துவர்த்தைக் கழுத்தில் மாட்டிக் கையைத் தாங்கவிட்டாள். கட்டு இறுகி ரத்தம் நின்றுவிடக் கூடாதே என்று, நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்புகிறதா என இரண்டு தடவை பார்த்தாள்.

“முறிஞ்சது எனக்குட்டி, அவனுக்கில்ல!” என்று ததேயுஸ் அங்கிருந்தே கூப்பாடு போட்டான்.

ஆட்டோ பிடித்து மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் இரண்டு எக்ஸ்ரேயையும் வெளிச்சத்தில் பிடித்தார். “கால்ல சுளுக்குதான். கையில ரெண்டு எலும்பும் முறிஞ்சிருக்கு.”

“படம் மாறிப்போச்சு டாக்டரே” என்றான் ததேயுஸ்.

மாறவில்லை. கட்டு யார் போட்டது என்று டாக்டர் கேட்டபோது, திட்டுவாரோ என்று ராகேல் புருஷன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். இழுக்காமல் கொண்டுவந்தது நல்லதாயிற்று என்றார் அவர்.

“சுளுக்குக்கு ஐஸா, சூடா டாக்டர்?” என்றாள் ராகேல்.

“முதல் ரெண்டு நாள் ஐஸ்.”

சத்தியநேசனுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு. வீடு திரும்பும் வழியில் ததேயுஸ் தம்பியை வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தான்.

“இம்புட்டு வலியிருந்தும் ஏம்ல சொல்லல?”

“நீ போட்ட சத்தத்துல முறிஞ்சது உனக்குத்தான்னு நெனச்சேன் அண்ணே. அப்போ எனக்கு வலிக்கது வேற என்னமோன்னு குழம்பிட்டேன்.”

ததேயுஸ் காலை நீட்டிக்கொண்டு, இந்த முறை சத்தமில்லாமல் முனகினான்.