மஞ்சள் வைத்த ஷூ

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனிதன் கொஞ்சம் நிம்மதியாக இருக்க வேண்டும். தமிழழகனுக்கு அந்தக் கொடுப்பினை போய் ஆறு மாசம் ஆகிவிட்டது. ஓடி முடித்து, வாசல் குழாயில் முகம் கழுவி, ஈரக் கையோடு போனை எடுப்பான். ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில், அரியலூரிலிருந்து மணிவண்ணன் போட்ட படம் முந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் எல்லாம் அதில் இருக்கும். கீழே வரிசையாகக் கைதட்டல். அவ்வளவுதான், அன்றைக்கு இட்லி தொண்டையில் இறங்காது.

வேறு எவனோ என்றால் தொலைகிறான் என்று விட்டுவிடலாம். மணிவண்ணன் சகலை. தமிழழகனின் மனைவி ராசாத்திக்கு ஒரே தங்கை ஜோதி, அவளைக் கட்டியவன். தமிழழகனுக்குப் பெரம்பலூரில் போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. மணிவண்ணனுக்கு அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் சூப்பர்வைசர் வேலை. ஆலை பஸ் வீட்டுத் தெருவுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகும். ஆண்டிமடத்தில் மாமியார் குஞ்சம்மாள் கோழி அடித்தால், தொடை எந்தத் தட்டில் விழும் என்று சொல்ல ஜோசியக்காரன் வேண்டாம். "சின்ன மாப்ள ஷிப்ட்டு பாத்துட்டு வந்துருக்காரு, பாவம்" என்பாள். பெரிய மாப்பிள்ளை மட்டும் என்ன, கடையில் படுத்துத் தூங்கிவிட்டா வந்தான்?

ஓட்டம் ஒன்றுதான் தமிழழகனுக்கே தமிழழகனுக்கென்று இருந்தது. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் மிரட்டியதில் நடக்க ஆரம்பித்து, நடை ஓட்டமாகி, ஊரில் பத்துப் பேரைச் சேர்த்துக் குழு ஆரம்பித்தவனே அவன்தான். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழு நடத்தும் அரை மாரத்தானில், நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கென்று ஒரு கேடயம் உண்டு. அதன்மேல் அவனுக்கு ஒரு பைத்தியம். டி.வி.க்குப் பக்கத்தில் அதற்காக ஓர் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தான். மூன்று வருஷமும் இரண்டாவது இடம். மூன்று வருஷமும் அதைக் கொண்டுபோனவர் அரும்பாவூர்க்காரர் ஒருவர். இந்த வருஷம் அவருக்கு முட்டியில் ஆபரேஷன். கேட்டதும் தமிழழகன் உச்சுக்கொட்டினான். உள்ளுக்குள் அடித்த மேளம் அவனுக்கு மட்டும்தான் கேட்டது.

இப்படி வழி திறந்து கிடக்கும்போதுதானா மணிவண்ணனுக்கு நாற்பது வயது முடிந்து தொலைய வேண்டும்! மார்கழியில் பிறந்தநாள். கேக் வெட்டிய கையோடு போன் போட்டான்.

"அண்ணே, இனிமே நானும் ஒங்க வயசு செட்டுதான். ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு ஓடலாம்."

"ஆமா தம்பி, ரொம்ப சந்தோசம்" என்றான் தமிழழகன்.

வளர்த்த கடா மார்பில் பாய்வது என்றால் இதுதான். மணிவண்ணன் தொந்தியைக் கொண்டுவந்து ரோட்டில் விட்டதே இவன்தானே! "ஒங்க தம்பிக்கு பி.பி. ஏறிப் போச்சாம், நீங்க கூட்டிட்டுப் போங்களேன்" என்று ராசாத்தி கேட்டதற்காகக் கூட்டிக்கொண்டு போனான். முதல் நாள் ஒரு தெருமுனை தாண்டுவதற்குள் மணிவண்ணன் இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான். இவனுக்கு அப்போது என்ன பெருமை! எப்படி மூச்சு விடுவது, எப்போது தண்ணீர் குடிப்பது, ஏற்றத்தில் எப்படி அடி வைப்பது எல்லாம் வாத்தியார் மாதிரி சொல்லிக் கொடுத்தான். கடைக்குக் கூட்டிப்போய் ஷூவும் எடுத்துக் கொடுத்தான்.

"முன்னாடி ஒரு வெரல் எடம் இருக்கணும் தம்பி, ஓட ஓடக் காலு வீங்கும். இன்னொண்ணு, புது ஷூவப் போட்டுக்கிட்டு ரேசு மட்டும் ஓடிறாத. ஒரு மாசமாவது போட்டுப் பழக்கணும். இல்லன்னா கடிச்சுத் துப்பிரும்."

மணிவண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். ஆட்டிய தலை ஒன்றையும் மறக்கவில்லை. ஆறு மாதத்தில் தொந்தி போனது. ஒரு வருஷத்தில் இவனுக்குச் சமமாக வந்தான். மார்கழிப் பனியில் ஒரு ஞாயிறு இருவரும் சேர்ந்து ஓடினார்கள். பாதி தூரத்தில் மணிவண்ணன், மூச்சு வாங்காமல், டீக்கடையில் பேசுகிற குரலில் கேட்டான்.

"அண்ணே, நான் கொஞ்சம் முன்னாடி போவட்டா?"

கேட்டுவிட்டுப் போகிறானாம்! கேட்காமல் போயிருந்தால்கூட ஒரு நாள் மன்னித்திருக்கலாம். அவன் முதுகு பனிக்குள் சிறுத்துக்கொண்டே போனதைத் தமிழழகன் அன்று முழுக்கக் கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மோட்டாருக்குக் காயிலைத் தப்பாகக் கட்டி, மறுபடி பிரித்தான்.

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது திருச்சிக்குப் போய் ஷூ வாங்கினான். தனக்கில்லை, சகலைக்கு. கடையிலேயே நல்ல விலையுள்ள ஜோடி. மணிவண்ணன் கால் அளவு அவனுக்குத் தெரியும். விரல் இடம் விடாமல், அளவுக்குச் சரியாக எடுத்தான். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பொங்கலுக்குத் தம்பிக்கு ஒரு பரிசு, அவ்வளவுதான் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சிறுகனூர் தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தான். இத்தனை தடவை சொல்ல வேண்டிய நல்ல எண்ணத்தை நாம் எங்கே பார்த்திருக்கிறோம்?

காணும் பொங்கலன்று ஆண்டிமடத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது பெட்டியை நீட்டினான்.

"தம்பிக்கு என்னால ஆனது. ஞாயித்துக்கெழம இதப் போட்டுக்கிட்டுத்தான் ஓடணும்."

குஞ்சம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாடி ஜோதி, கூடப் பொறந்தவங்ககூட இப்பிடிச் செய்ய மாட்டாங்க" என்று எழுந்து உள்ளே போய், மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தாள். புதுத் துணி எடுத்தால் மூலையில் மஞ்சள் வைக்காமல் அந்த வீட்டில் யாரும் உடுத்த மாட்டார்கள்.

ஜோதி விழுந்து விழுந்து சிரித்தாள். "யம்மா, செருப்புக்குப் போயி யாராச்சும் மஞ்ச வைப்பாங்களா?"

"எதுடி செருப்பு? தொட்டுப் பாரு, மேலயெல்லாம் துணிதான்" என்று குஞ்சம்மாள் இரண்டு ஷூவிலும் கயிறு கட்டும் இடத்து நாக்குப் பட்டையில் ஒவ்வொரு பொட்டு வைத்தாள். "இந்தாங்க சின்ன மாப்ள. மஞ்ச வச்சத ரேசு அன்னிக்கிப் போடாம வச்சா ஆவாது. ரெண்டு மாப்ளைங்களும் நல்லா ஓடுங்க."

தமிழழகனுக்கே தூக்கிவாரிப் போட்டது. அவன் ஒரு முடிச்சுப் போட்டான், மாமியார் அதன்மேல் இன்னொன்று போட்டுவிட்டாள். மணிவண்ணன் ஷூவைக் கையில் வாங்கி, உள்ளே விரலை விட்டுப் பார்த்தான். மாமியார் முகத்தைப் பார்த்தான். பிறகு, "நல்லாருக்குண்ணே" என்றான்.

ராசாத்தி மட்டும் சிரிக்கவில்லை. ஊர் திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள்.

"போன வருசம் ரேசுக்கு மொத நாளு நான் புது ஷூ வாங்கியாந்தப்ப என்னா குதி குதிச்சீங்க? புதுச எவனாவது போட்டுக்கிட்டு ஓடுவானான்னு?"

"அது வேற கம்பெனி."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது பெரம்பலூரில் பனி இறங்கியிருந்தது. அரியலூர் ரோட்டில் பேரளிப் பக்கம் வரை போய்த் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். கூட்டத்தில் தமிழழகன் முதலில் பார்த்தது மணிவண்ணன் காலைத்தான். போட்டிருந்தான். மஞ்சள் பொட்டு, கட்டிய கயிற்றுக்கு மேலே எட்டிப் பார்த்தது. தமிழழகனுக்கு ஒரு பக்கம் குளுகுளுவென்று இருந்தது. இன்னொரு பக்கம், கழட்டிட்டுப் பழசப் போடுடா என்று வாய் வரைக்கும் வந்தது. வாயைத் திறப்பதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். ஊதாவிட்டால் மட்டும் சொல்லியிருப்பானாக்கும்!

போகும்போது மணிவண்ணன் முன்னால்தான் போனான். திரும்பும் இடத்தில் எதிரெதிரே பார்த்துக்கொண்டபோது அவன் முகம் சுண்டியிருந்தது. அதற்கப்புறம் அந்த முதுகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வந்தது. மார்கழியில் சிறுத்துப்போன அதே முதுகு. தமிழழகன் கண்ணை எடுக்காமல் அதைப் பார்த்து ஓடினான். ஒரு பாலக்கட்டையில் மணிவண்ணன் உட்கார்ந்து ஷூவைக் கழட்டிக்கொண்டிருந்தான். குதிகாலில் சாக்ஸ் சிவப்பாக ஊறியிருந்தது.

"என்னா தம்பி ஆச்சு?" என்று கேட்டான் தமிழழகன். ஓடிக்கொண்டேதான் கேட்டான்.

"ஒண்ணுமில்லண்ணே. நீங்க நிக்காதீங்க, போங்க."

போனான். எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு வேகம். நாற்பத்தெட்டு வயதுக் கால் இருபது வயதுக் கால் மாதிரி எட்டு வைத்தது. கோட்டைத் தாண்டியபோது அவன் வயதுக்காரர்களில் அவனுக்கு முன்னால் ஒருத்தரும் இல்லை. குழுவில் உள்ளவர்கள் தூக்கிக்கொண்டார்கள். மைக்கில் பெயர் சொன்னார்கள். தமிழழகன் அழுதான். அந்த அழுகை பொய்யில்லை.

முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. "வெறுங்காலு! வெறுங்காலு!" என்று யாரோ கத்தினார்கள். மணிவண்ணன் நொண்டி நொண்டி ஓடி வந்துகொண்டிருந்தான். ரோட்டோரத்தில் பாதி தூரத்துக்கு மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். சிதறிக் கிடந்த சோளமெல்லாம் அந்த உள்ளங்காலில்தான் குத்தியிருக்கும். இரண்டு ஷூவையும் பிள்ளையை அணைப்பதுபோல் நெஞ்சோடு பிடித்திருந்தான். ரோட்டில் நின்ற போலீஸ்காரர்கூடக் கை தட்டினார்.

ஒரு பத்திரிகைக்காரர் ஓடிப்போய்க் கேட்டார். "ஏன் சார், கடிக்குற ஷூவ அங்கயே போட்டுட்டு வந்துருக்கலாமே?"

"எங்கண்ணன் வாங்கிக் குடுத்தது சார். எங்கத்த மஞ்ச வச்சுக் குடுத்தது. ரோட்டுல எப்பிடிப் போடுறது?"

"எந்த அண்ணன்?"

மணிவண்ணன் கை காட்டினான். எல்லோரும் தமிழழகனை இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். மறுநாள் பேப்பரில் அந்தப் படம்தான் வரப்போகிறது: நடுவில் மணிவண்ணன், நெஞ்சில் ஷூ, ஓரத்தில், கேடயத்தோடு, வேப்பெண்ணெய் குடித்த மூஞ்சியாய் ஜெயித்தவன். ஐயோ, இதுக்கா இத்தனை பாடு!

மத்தியானம் எல்லோருக்கும் தமிழழகன் வீட்டில் சாப்பாடு. ஆண்டிமடத்திலிருந்தே கோழியோடு வந்திருந்த குஞ்சம்மாள், மஞ்சள் போட்ட வெந்நீரில் சின்ன மாப்பிள்ளையின் காலை வைக்கச் சொல்லி, யார் கண் பட்டதோ என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். "கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது" என்று அவள் ஊரையெல்லாம் திட்டியபோது தமிழழகன் கேடயத்தை டி.வி.க்குப் பக்கத்தில் வைத்து, நேராக்கி, மறுபடி நேராக்கிக்கொண்டிருந்தான். இலை போட்டார்கள். "காலு புண்ணு ஆறணும்" என்று தொடை மணிவண்ணன் இலைக்குப் போனது. ஜெயித்தவன் இலையில் கழுத்து விழுந்தது.

கை கழுவும் இடத்தில் இருவரும் தனியாக நின்றார்கள். மணிவண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் நின்றான். தமிழழகனால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"புதுசு கடிக்கும்னு ஒனக்குத் தெரியாதா தம்பி?"

"தெரியும்ணே. நீங்கதான மொத நாளே சொல்லிக் குடுத்தீங்க. வெரல் எடம் இல்லங்கறதும் அத்த வூட்டுலயே தெரிஞ்சுபோச்சு."

தமிழழகன் குழாயை மூடினான். "பின்ன ஏன்டா போட்ட?"

அவன் முகத்தில் கோபத்தைத் தேடினான். கொஞ்சமாவது இருந்தால் நன்றாக இருக்கும். நாலு வார்த்தை திட்டினால், சட்டையைப் பிடித்தால்கூடப் போதும், வாங்கிக்கொள்ளலாம். மணிவண்ணன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான்.

"மஞ்ச வச்சாச்சு, போடலன்னா அத்த மனசு சங்கடப்படும். அதோட, மூணு வருசமா அதுக்காக நாயா அலையுறீங்க. ஒங்களுக்கு இது ரொம்ப வேணும் போலருக்குன்னு தோணிச்சு. எனக்கென்னண்ணே, எனக்கு அடுத்த வருசம் இருக்கு."

நொண்டிக்கொண்டே உள்ளே போனான். உள்ளே அவனுக்கு நாற்காலி போட ஜோதியும் குஞ்சம்மாளும் ஒரே நேரத்தில் எழுந்த சத்தம் கேட்டது.

தமிழழகன் குழாயைத் திறந்துவிட்டு நின்றான். மூன்று வருஷ ஓட்டம், விடியற்காலைப் பனி, விட்ட காப்பி, விட்ட சர்க்கரை, எல்லாம் சேர்ந்து வாங்கிய அந்தக் கேடயமும் கோழித்தொடை மாதிரி இன்னொருத்தன் பார்த்துப் போட்டதாகிவிட்டது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. கொடுத்தால் காரணம் சொல்ல வேண்டும்.

மறுநாள் இருட்டிலேயே எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். ராசாத்தி கோலப்பொடியோடு வந்து நின்றாள்.

"ரேசு முடிஞ்சா ஒரு வாரத்துக்குக் காலத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு ஊருக்கே சொல்லுவீங்களே?"

"அவன் காலு ஆற எப்பிடியும் ஒரு மாசம் ஆவும்ல?"

அவள் குனிந்து தண்ணீர் தெளித்தாள். தமிழழகன் எழுந்தான். முதல் தெரு தாண்டுவதற்குள் முட்டி விண்விண்ணென்று தெறித்தது. நிற்கவில்லை, அரியலூர் ரோட்டுப் பக்கம் திரும்பினான்.