பதினொரு ஷேர் கடல்

ஷேரை விற்கிறவர்களையெல்லாம் சூதாடிகள் என்று வாய் நிறையத் திட்டுகிற லிஃப்ட் மெக்கானிக், கண் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று மத்தியானம், சட்டையைக்கூடக் கழற்றாமல், தன் ஷேரை விற்க ஃபோனோடு உட்கார்ந்தார். எதிரே மனைவி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். பாதி கிண்ணத்தில் விழுந்தது, பாதி மேஜையில் உருண்டது. டாக்டர் அவளிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்: பார்வையின் நடுப்பகுதி ஏறக்குறையப் போய்விட்டது, ஓரம்தான் மிச்சம், அதுவும் போகப்போக மங்கும், மருந்து கிடையாது. "இருக்கறத வெச்சு, பாக்க வேண்டியதெல்லாம் சீக்கிரம் பாத்துக்குங்கம்மா."

பாக்க வேண்டியதெல்லாம் என்ற சொல்லைத்தான் மெக்கானிக் வழியெல்லாம் பிடித்துக்கொண்டு வந்தார்.

அவருடைய பணம் முழுக்க ஒரே ஒரு கம்பெனியில் இருந்தது. அந்தக் கம்பெனி தானாக ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாது. சோப்பு, பெயிண்ட், பிஸ்கட், இன்சூரன்ஸ் என்று உழைக்கிற கம்பெனிகளை வாங்கிப் போட்டுவிட்டு, மேலே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். பங்குதாரர் கையில் ஒரு காசு வைக்காது, எல்லாம் உள்ளேயே வளரும். கல்யாணமான புதிதில் மெக்கானிக் அதில் விழுந்தார். மாதாமாதம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கினார். வாங்கியதில் ஒன்றைக்கூட விற்கவில்லை. கடைக்குப் போனால் நம்ம சோப்பு, நம்ம பிஸ்கட் என்பார். "நம்ம சோப்புக்கு நாமளே எதுக்குங்க காசு குடுக்கணும்?" என்று மனைவி கேட்பாள். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அந்தப் பைத்தியம் அவளுக்கும் தொற்றிக்கொண்டது. அவள் ஆசைப்பட்டதற்கெல்லாம் அவர் ஷேரில்தான் விலை சொல்வார். தையல் மெஷின் ஒன்றரை ஷேர். பெரிய ஜன்னல் வைத்த வீடு எழுபது. கடலோரத்தில் ஒரு வாரம், பதினொன்று. சொல்லிவிட்டு, "அப்புறம் பாத்துக்கலாம்" என்று முடிப்பார். அந்தச் சொல்லுக்குள் கண் இருப்பது அப்போது இருவருக்கும் தோன்றவில்லை. நாளாக ஆக அவளே கணக்குப் போட ஆரம்பித்தாள். ஜவுளிக்கடைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பாள், முக்கால் ஷேர் என்று முணுமுணுப்பாள், நடையைக் கட்டுவாள். மெக்கானிக்குக்குக் கால் தரையில் பாவாது. இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்கு வாய்க்கும் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். ஒருமுறை சந்தை தலைகுப்புற விழுந்து அவர்களெல்லாம் அலறியடித்துக்கொண்டு விற்றார்கள். இவர் அசையவில்லை. அதுவும் சரியாகத்தான் போயிற்று. வயிற்றெரிச்சலே அதுதான், அவர் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

"என்னென்ன பாக்கணும்னு சொல்லு," என்றார் இப்போது. "எல்லாத்தையும் வித்துடறேன். எங்க வேணாலும் போலாம்."

அவள் உரிப்பதை நிறுத்திவிட்டு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். வீம்பெல்லாம் இல்லை, கேட்டாரே என்று நிஜமாகவே தேடிப் பார்த்தாள்.

"ஒண்ணும் தோணலியே."

"விலையப் பாக்காத. சும்மா சொல்லு."

"விலையில்லீங்க. எதுவுமே வரமாட்டேங்குது. முன்னாடியெல்லாம் அது வேணும் இது வேணும்னு உள்ள ஒண்ணு கெடந்து அடிச்சுக்கும். எப்ப நின்னுச்சுன்னே தெரியல."

குறை சொல்கிற குரலாக இல்லை. இருந்திருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பார்.

"கடல்? கடல் பாக்கணும்னு கேட்டியே?"

"அது பதினொரு ஷேராச்சே."

"அது அப்ப! இப்ப ஒண்ணு வித்தாலே போதும், மீதிகூட வரும்!"

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரலில் இருந்த குஷி அவர் காதிலேயே விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"பரவால்லியே," என்றாள். "அவ்ளோ மலிவாயிடுச்சா."

ஃபோனில் ஒரு ஷேரை விற்றார். பிறகு பத்து. பிறகு இருந்த அத்தனையையும். விற்று முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"வித்துட்டேன். எல்லாத்தையும்."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கோவமா? என்னப் பாரேன்."

"பாத்துக்கிட்டுதாங்க இருக்கேன். இப்படித் திரும்பினாத்தான் நீங்க தெரியறீங்க. அழாதீங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மேஜையைச் சுற்றிப் போய், சுவருக்கும் அவளுக்கும் நடுவில், மூச்சுப் படுகிற தூரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"எங்க போனீங்க?" என்றாள் அவள், அவர் முகத்தையே நேராகப் பார்த்துக்கொண்டு.