போய்த் திரும்பும் ஆட்டம்

1976 ஜூலை, இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, என் தங்கை வெரோனாவின் சமையலறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். எமில் ஹோர்னாக் ஆகிய நான், என் தம்பி லுட்விக் (வீட்டில் அவனை லூடி என்போம்), அவன் மனைவி டார்லீன், வெரோனா, அவள் கணவர் ஆர்வில் கெம்ப், இரும்பாலையில் கிரேன் ஓட்டுபவர். ஆறாவது ஆள் கிடையாது. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்காலத்தில் சொன்னவர்கள் நிறையப் பேர் என்பதால் இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

நானும் லூடியும், பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கத் தொழில்முறை புட்பாலில் பயிற்சியாளர்கள். வெவ்வேறு அணிகள். பந்தை முன்னே கொண்டுபோகும் பதினொருவருக்கு ஆட்டம் வகுத்துக் கொடுப்பது அவன் வேலை. அப்படி வருபவர்களை நிறுத்தும் பதினொருவரைப் பழக்குவது என் வேலை. பயிற்சி முகாம்கள் தொடங்குமுன் ஒவ்வொரு ஜூலையிலும் வெரோனா வீட்டில் கூடுவோம். முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய இறைச்சியைத் தின்று முடித்துத் தட்டுகளை எடுத்ததும், லூடி மேசைமேல் ஆட்களை நிறுத்துவான். உப்பு, மிளகு, கடுகுச் சாடி, பீர் மூடிகள். அந்த மேசையில் பார்த்தது அந்த மேசையோடு சரி. எங்கள் குடும்பத்தில் இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

"அண்ணே, இங்க பாரு." உப்புக் குடுவையை வலது ஓரத்திலிருந்து இடப்பக்கமாக மெல்ல நகர்த்தினான். "பந்து இன்னும் கிளம்பல. என் ஆள் குறுக்கே போறான். உன் ஆள் என்ன பண்ணுவான்?"

"பின்னாலயே போவான்."

"போகட்டும், நல்லாப் போகட்டும்." மிளகுக் குடுவை உப்பைத் தொடர்ந்தது. பாதி வழியில் உப்பை வெடுக்கென்று வந்த பக்கமே திருப்பினான். "பந்து கிளம்புற நொடியில இவன் திரும்பிட்டான். உன் ஆள் இன்னும் அந்தப் பக்கமே ஓடிட்டிருக்கான். எவ்ளோ காலி இடம் பாரு, மாடு மேய்க்கலாம்!"

ஆர்வில் சிரித்தார். "என்ன மச்சான், பேச்சு மூச்சே காணோம்?"

"சாப்பிட்டது செரிக்கட்டும்."

"பதில் தெரியலன்னு சொல்லேன் அண்ணே. ஒரு தடவை சொன்னா முதுகெலும்பு முறிஞ்சிடாது."

எனக்குப் பதில் தெரியவில்லைதான். அதைச் சொல்லவில்லை. வெரோனா குடுவைகளைப் பிடுங்கிக்கொண்டாள். "போதும்டா. முப்பத்தெட்டு வயசுல உப்பக் கொட்டி விளையாடறான்."

அவன் சிரித்தான். அவன் சிரிக்கும்போது முதலில் தோள்கள்தான் குலுங்கும், சத்தம் பின்னால் வரும்.

அந்தப் பருவத்தில் பத்து வாரங்கள் அந்த ஆட்டத்தை எவராலும் நிறுத்த முடியவில்லை. தெற்கே ஓர் அணியின் முதலாளி லூடியைத் தலைமைப் பயிற்சியாளராக எடுக்க விரும்புவதாக டார்லீன் வெரோனாவிடம் போனில் சொன்னாள். பதினோராவது வாரம் அவன் அணி எங்களோடு மோதியது. எங்கள் தடுப்பையும் அவன் உடைக்கிறானா என்று பார்க்க அந்த முதலாளியே நேரில் வருவதாக இருந்தது.

மோதுவதற்கு முன் இரண்டு அணிகளும் தங்கள் முந்தைய மூன்று ஆட்டங்களின் பிலிமை மாற்றிக்கொள்வது லீக் வழக்கம். செவ்வாய்க்கிழமை தகர டப்பாக்கள் வந்தன. புரொஜெக்டரை முன்னும் பின்னும் ஓட்டினேன். உப்பும் மிளகும் நினைவுக்கு வந்தபோதெல்லாம், அவற்றை இங்கே கொண்டுவரக்கூடாதென்று விளக்கைப் போட்டு எழுந்து நடந்தேன். புதன் மதியம் கண்ணில் பட்டது. திரும்பி வரப்போகும் தடவைகளில் மட்டும், குறுக்கே போகும் அந்த ஆட்டக்காரன் ஒரு கெஜம் வெளியே தள்ளி நின்று கிளம்பினான். திரும்ப இடம் வேண்டுமென்று அவனாகவே ஒதுங்கி நின்றிருக்கிறான். பன்னிரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டும் அப்படியே.

என் ஆட்களுக்கு ஒரே கட்டளை கொடுத்தேன். அவன் தள்ளி நின்றால் எவனும் பின்னால் ஓடாதே. ஆளுக்கொரு அடி நகர்ந்து, அவனைப் பக்கத்து ஆளிடம் ஒப்படை.

ஞாயிற்றுக்கிழமை லூடி அந்த ஆட்டத்தை ஏழு தடவை ஆடவிட்டான். ஏழுக்கும் சேர்த்து அவர்கள் முன்னேறியது நான்கு கெஜம். இரண்டு தடவை பந்தை நாங்களே பறித்தோம். அந்த முதலாளி ஆட்டம் முடியுமுன் எழுந்து போய்விட்டார்.

முடிந்ததும் மைதான நடுவில், சேற்றில், கை குலுக்க வந்தான். கையை விடவில்லை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மேசையிலேர்ந்து எடுத்தியா?"

"யார்கிட்ட என்ன கேக்கறேன்னு தெரியுதாடா?"

"தெரியும். அதனாலதான் பேப்பர்காரங்ககிட்ட கேக்காம உன்கிட்ட கேக்கறேன். இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு. போயிடறேன்."

கையை உருவிக்கொண்டு நடந்தேன். கேட்கக்கூடாத கேள்விக்குப் பதில் சொன்னால் கேள்வியை மதித்ததாகிவிடும் என்று நினைத்தேன். அப்பா இருந்திருந்தால் அவரும் அப்படித்தான் நடந்திருப்பார்.

தலைமைப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அடுத்த ஜூலையில் லூடி வரவில்லை. வெரோனா ஐந்து தட்டுகள் வைத்து, பிறகு இரண்டை எடுத்தாள். அதற்கடுத்த ஜூலையில் மூன்றுதான் வைத்தாள்.

ஆனால் பிலிம் வந்துகொண்டிருந்தது. அவனோடு மோதுகிற வாரங்களில் மட்டுமல்ல, அவனோடு ஆடிய அணிகளிடமிருந்தும் கேட்டு வாங்கினேன். உதவியாளர்கள் வீட்டுக்குப் போனபின் போடுவேன். மேலிருந்து எடுக்கும் பிலிமில் ஆட்டக்காரர்கள்தான் தெரிவார்கள். பந்து எல்லைக்கோட்டுக்கு அருகே வரும்போது மட்டும் ஓரத்தில் நிற்பவர்கள் சட்டத்துக்குள் வருவார்கள். அந்த இரண்டு மூன்று நொடிகளுக்காகச் சுருள் முழுவதும் ஓட்டினேன். லூடியின் தொப்பி, மடித்த தாள், காதைச் சொறியும் கை. ஒரு வருடம் மெலிந்திருந்தான். ஒரு வருடம் மூக்குக்கண்ணாடி. ஒரு தடவை, தன் ஆள் எதிலோ கால் தடுக்கி விழுந்தபோது, தோள்கள் குலுங்கின. பிலிமில் சத்தம் கிடையாது. அதைப் பின்னால் ஓட்டி மறுபடி ஓட்டினேன். எத்தனை தடவை என்று சொல்ல விரும்பவில்லை.

முதல் வருடப் பிலிமிலேயே இன்னொன்றும் பார்த்தேன். அந்த ஆள் இப்போது எல்லாத் தடவையும் ஒரே இடத்தில் நின்று கிளம்பினான். அந்த ஒரு கெஜத்தை லூடி கண்டுபிடித்துத் திருத்திவிட்டான். அப்படியென்றால் நான் அதை மேசையில் அல்ல, பிலிமில்தான் பார்த்தேன் என்பதும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் வந்து மன்னிப்புக் கேட்பான் என்று நான் காத்திருந்தேன். தெரிந்த பின்னும் அந்த ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வரும் என்று அவன் காத்திருந்திருக்கிறான். பதினொரு வருடங்கள்.

1988 பிப்ரவரியில், ஒரு திங்கட்கிழமை, டார்லீன் கூப்பிட்டாள். லூடிக்கு நுரையீரல், அதிக நாள் இல்லை என்றாள்.

"வந்துடுங்க மாமா."

"அவன் கூப்பிட்டானா?"

"அவரு கூப்பிடல. நான் கூப்பிடறேன்."

"அவன் கேக்கட்டும், வரேன்."

"ரெண்டு பேரும் ஒரே கல்லுல செதுக்கினதுதான்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வியாழக்கிழமை பொறுக்கமுடியாமல் காரை எடுத்தேன். அறுநூறு மைல். "இல்லை" என்ற சொல்லை வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

நான் மருத்துவமனைக்குப் போய் லூடியின் கையைப் பிடித்து அந்த வார்த்தையைச் சொன்னதாகவும், அவன் சிரித்து, எனக்கு எப்பவோ தெரியும் அண்ணே என்றதாகவும் இப்போது ஒரு கதை உலவுகிறது. ஆர்வில் நல்ல எண்ணத்தில் சொல்ல ஆரம்பித்தது, பத்திரிகையிலும் வந்துவிட்டது. அப்படி எதுவும் நடக்கவில்லை. லூடி வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு இறந்தான். நான் போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை காலை. கட்டிலில் விரிப்பு மாற்றியிருந்தார்கள்.