பதினேழாவது பெயர் என்னுடையது

நான் செத்துப்போனேன் என்ற செய்தி எங்கள் ஊர் சரவணைக்கு வந்து சேர்ந்தபோது நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ஊரான சுருவிலில் இருக்கும் என் அக்கா ஞானசவுந்தரி தலைவிரி கோலமாக ஓடி வந்தவள், ஈரச்சாரத்தோடு நின்ற என்னைக் கண்டதும் அழுகையைப் பாதியில் விட்டாள்.

"நீ சாகேல்லையோடா?"

"ஏன், ஆசையாக் கிடக்கோ?"

அவள் கையிலிருந்த பேப்பரைப் பறித்தேன். கொழும்பில் புறப்பட நின்ற விமானத்தில் குண்டு வெடித்துச் செத்தவர்களின் பட்டியல். பதினேழாவதாக, வைத்திலிங்கம் அப்புத்துரை, சரவணை. என் பெயர், என் அப்புவின் பெயர், என் ஊர்.

விஷயம் உடனே விளங்கிவிட்டது. வெளிநாடு போக எடுத்த பாஸ்போட்டை, போக மனமில்லாமல், போன வருசம் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஒரு ஏஜென்சிக்காரனிடம் கொடுத்திருந்தேன். என் படத்தை உரித்துவிட்டு இன்னொருவன் படத்தை ஒட்டுவார்கள். தலைமாற்றுதல் என்று அதற்குப் பெயர். எங்கள் சனத்தில் பாதி அப்படித்தான் பறந்தது.

"அப்ப உங்கடை பேரிலை செத்தது ஆர்?" என்று கேட்டாள் என் மனைவி இராசமணி.

அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. எவன் அவன்? நான் கண்ணாலும் காணாத ஒருத்தன் என் பெயரோடு எப்படிச் சாகலாம்? கோபம் வந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஏஜென்சிக்காரன் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டான். கடைசியாக அங்கே வந்து போனவன் நெடுந்தீவு ஆள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

மறுநாளே வள்ளம் ஏறினேன். அண்மையில் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டவர்கள் என்று நெடுந்தீவில் மூன்று வீடு காட்டினார்கள். இரண்டு வீட்டுக்கு, போய்ச் சேர்ந்ததாகக் கடிதம் வந்திருந்தது. மூன்றாவது வீட்டில் நேசம்மா என்ற மனுசி மாட்டில் பால் கறந்துகொண்டிருந்தாள்.

"ஆர் தம்பி நீர்?"

"சரவணை. அப்புத்துரை."

அவள் செம்பைக் கீழே வைத்தாள். "வைத்திலிங்கத்தின்ரை மோனோ? பிறந்தது நாப்பத்தொன்பது கார்த்திகையோ?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எயாப்போட்டிலை கேப்பினமெண்டு என்ரை மரியதாசனுக்கு நான்தானே பாடமாக்கினனான்." சிரித்தாள். "அவன் போய்ச் சேர்ந்திட்டானாமோ?"

பேப்பரை நீட்டினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. செத்தவர்களின் பட்டியல் என்று சொல்லி, அதிலிருந்த என் பெயரை நானே வாசித்துக் காட்டினேன்.

நேசம்மா மண்ணில் விழுந்து கதறினாள். வெகுநேரம் கழித்து, "என்ரை பிள்ளையை எனக்குத் தருவினமோ?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத் தரமாட்டாங்கள், அம்மா. அப்புத்துரையின்ரை பெண்சாதி போனால்தான் தருவாங்கள்."

"அப்ப உம்மடை பெண்சாதியிட்டை என்னைக் கூட்டிக்கொண்டு போம்."

சரவணைக்குக் கூட்டி வந்தேன். இராசமணி எல்லாவற்றையும் கேட்டாள்.

"நான் போய்ப் பொறுப்பெடுத்தால் நீங்கள் செத்ததுதானே?"

"ஓம். பதிவிலை செத்தவன்தான். உயிரோடை இருக்கிறன் எண்டு சொன்னால், பாஸ்போட்டைக் குடுத்த குற்றத்துக்கு என்னை மறியலிலை அடைப்பாங்கள். அந்தப் பிரேதமும் அநாதை."

விசரன், அறிவுகெட்டவன் என்று வாயில் வந்ததெல்லாம் சொல்லி என்னைக் கிழித்தாள். எல்லாம் எனக்கு வேண்டியதுதான். பிறகு வாசற்படியில் குந்தியிருந்த நேசம்மாவைப் பார்த்தாள். உள்ளே போனாள். வெள்ளைச்சேலை உடுத்து, பொட்டை அழித்துக்கொண்டு வந்தாள். தாலிக்கொடியைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"நான் வருமட்டும் வெளியிலை தலை காட்டாதேங்கோ."

குனிந்து நேசம்மாவின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"வாங்கோ மாமி, பஸ் போயிடும்."