கொளஞ்சிநாதனின் பாய்ப்பலகையும் ஏழு நீச்சல்காரிகளும்

நெய்வேலி டவுன்ஷிப்பின் கடைசி பிளாக்கைத் தாண்டினால் ஒரு ஏரி. சுரங்கத்திலிருந்து இறைத்து விடும் தண்ணீர் அங்கே தேங்குகிறது. கரையில் கிடக்கும் மணலைப் பார்த்து யாரோ ஒருநாள் "பீச்" என்று சொல்லப்போக, கடல் எங்கோ கடலூரில் இருந்தும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

உடற்பயிற்சி டீச்சர் விஜயகுமாரி தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே ஏழு பெண்களுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தார். அதில் ஒருத்தி சத்யா. நாற்பத்து மூன்று வயதில் மிதக்கக் கற்றவள் என்பதால் அவளுக்கு அதில் பெருமை அதிகம்.

சிக்கல் அவள் வீட்டுக்காரர் கொளஞ்சிநாதன் ரூபத்தில் வந்தது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஆபரேட்டர். பாண்டிச்சேரிக்குக் கல்யாணத்துக்குப் போனவர், திரும்பும்போது மினி லாரியில் ஒரு பாய்ப்பலகையோடு வந்து இறங்கினார். நின்றுகொண்டு போகும் நீளப் பலகை; நடுவில் கம்பம், கம்பத்தில் ஆரஞ்சு நிறப் பாய். காற்றடித்தால் போகும். எப்படி நிறுத்துவது என்று விற்றவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

முதல் நாளே பலகை நீச்சல்காரிகளை நோக்கிப் பாய்ந்தது. "ஒத்துங்க! ஒத்துங்க!" என்று கத்திக்கொண்டே வந்தவர், கடைசியில் பாயோடு சாய்ந்தார். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஈரப் பாய் நான்கு தலைகள் மேல் கூடாரம் மாதிரி கவிழ்ந்தது. உள்ளேயிருந்து டீச்சர் குரல் கேட்டது.

"யாரு அது?"

"நான்தாங்க டீச்சர். சத்யா வூட்டுக்காரரு."

சத்யா சட்டென்று தண்ணீருக்குள் மூழ்கினாள். ஒரு முழு நிமிடம் அவள் மூச்சடக்கியது அன்றைக்குத்தான்.

பஞ்சாயத்து ராயப்பனிடம் போனது. முப்பது வருஷம் ஷிப்ட் இன்சார்ஜாக இருந்து ரிட்டயர் ஆனவர். "இதுல என்ன இருக்கு? ஷிப்ட் போட்டா தீந்துது" என்று, காலை ஆறிலிருந்து எட்டு வரை பாய்க்கும், சாயங்காலம் நீச்சலுக்கும் எழுதிக் கொடுத்தார்.

காலையில் இலை அசையவில்லை. கொளஞ்சிநாதன் ஏரி நடுவில் இரண்டு மணி நேரம் சிலையாக நின்றார். கம்பத்தின் உச்சியில் ஒரு கொக்கு வந்து உட்கார்ந்து, சாவகாசமாக இறகு கோதிவிட்டுப் போனது. மூன்றாம் நாள் அவர் ராயப்பன் வீட்டு வாசலில் நின்றார்.

"காத்து என்ன பர்மனன்ட்டுங்களா, ஷிப்டுக்கு வர்றதுக்கு? கான்ட்ராக்ட்டுங்க. இஷ்டத்துக்குத்தான் வரும்."

"அப்போ இடத்தைப் பிரிச்சிடுவோம்" என்றார் ராயப்பன். காலி பிளாஸ்டிக் கேன்களைக் கட்டிய கயிறு ஏரிக்குக் குறுக்கே மிதந்தது. மேற்குப் பாதி நீச்சல், கிழக்குப் பாதி பாய்.

ஆனி மாதம். பகலெல்லாம் மேற்கத்திக் காற்று. ஐந்தரைக்குக் கிழக்கிலிருந்து கடல் காற்று திரும்பியது. கொளஞ்சிநாதனும் திரும்பினார்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர், நான் வரல! காத்து இட்டுகினு வருது!"

அவர் கும்பிட்டபடியே பெண்களைக் கடந்து போனார். கயிறும் பதினெட்டுக் கேன்களும் அவருக்குப் பின்னால் ஊர்வலமாகப் போயின.

அன்று குவார்ட்டர்ஸில் சத்யா சமையலறைத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். அடுப்பு, சாம்பார், அப்பளம் எல்லாம் அவள் பக்கம். அவர் பக்கம் தண்ணீர்க் குடம் மட்டும்.

கொளஞ்சிநாதன் காலித் தட்டோடு கோட்டருகில் நின்றார். "காத்தடிச்சா நான் அந்தாண்ட வரலாமா?"

"ஃபேனைப் போட்டீங்கன்னா தெரியும்."

சிரிப்பை அடக்க முடியாமல் அவளே கோட்டைத் தாண்டிச் சாம்பாரை ஊற்றினாள். ஊற்றும்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது.

"ஏங்க, நீங்க என்னைக்காவது காத்து வர்ற பக்கமா போயிருக்கீங்களா?"

"கத்துகினு இருக்கன்."

"போயிருக்கீங்களா, இல்லையா?"

"இல்ல" என்றார், அப்பளத்தைப் பார்த்தபடி.

உண்மைதான். காற்று அவரை எதிர்க்கரையில் கொண்டுபோய்த் தள்ளும். அவர் பலகையைத் தலையில் சுமந்து ஏரியைச் சுற்றி நடந்து வருவார். சத்யா மறுநாள் இதை டீச்சரிடம் சொன்னாள். அதன்படி நீச்சல்காரிகள் எப்போதும் காற்று வருகிற பக்கம் இருப்பது, அவர் காற்று போகிற பக்கம் இருப்பது என்று முடிவானது. எந்தப் பக்கம் என்று பார்க்க அனல்மின் நிலையப் புகைபோக்கி இருக்கவே இருக்கிறது. புகை திசை மாறினால் டீச்சர் விசில் ஊதுவார். கொளஞ்சிநாதன் பாயைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். எல்லோரும் கயிற்றோடு பக்கம் மாறிக்கொள்வார்கள். ராயப்பன் தன் யோசனை இல்லையே என்று கொஞ்சம் முறுக்கிக்கொண்டாலும், அட்டையில் அழகாக எழுதிக் கட்டினார்.

ஒரு மாதம் சண்டையே இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை கொளஞ்சிநாதனுக்குப் பலகையைத் திருப்ப வந்துவிட்டது.

எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. கம்பத்தைப் பின்னால் சாய்த்தார். பலகை முகத்தைத் திருப்பிக்கொண்டு, குறுக்கும் நெடுக்குமாகக் காற்றுக்கு எதிரே வந்தது.

"வர்றன் பாரு சத்யா! எதிர்க்காத்துல வர்றன்!"

பெண்கள் கைதட்டினார்கள். சத்யா விசிலே அடித்தாள். தட்டி முடித்த பிறகுதான், அவர் கயிற்றைத் தாண்டித் தங்கள் நடுவில் நிற்பதை டீச்சர் கவனித்தார்.

"உங்களுக்குத் திருப்பத் தெரியாதுன்னு நம்பித்தானே சார் இந்த ஏற்பாடே பண்ணோம்?"

"இப்பத்தான் தெரியுதுங்களே. நானே பாத்து ஒதுங்கிப் போறன்."

டீச்சர் யோசித்தார். "சரி, தாண்டி வாங்க. ஆனா கயித்துகிட்ட பாயை இறக்கிடணும். எங்க பக்கத்துல பலகையைத் தள்ளிகிட்டு நீந்தித்தான் வரணும்."

கொளஞ்சிநாதன் வானத்தைப் பார்த்தார், புகையைப் பார்த்தார். போட்டிருந்த இரண்டு லைஃப் ஜாக்கெட்டையும் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

சத்யா பலகையை எட்டிப் பிடித்தாள்.

"கல்யாணமாயி இருவத்தோரு வருஷமாச்சு. எங்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றாள் சத்யா.

"நம்ம வூட்டுல எங்க அதுக்குத் தேவை வந்துது?"

டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "திங்கக்கிழமையிலேர்ந்து நீங்க எட்டாவது ஆளு. அஞ்சு மணிக்கு வந்துடணும். நீங்க கத்துக்கற அரைமணி நேரம் பலகை எங்களுக்கு."

திங்கட்கிழமை இடுப்பளவு தண்ணீரில் குப்புறக் கிடந்து அவர் காலை உதைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, குடித்த தண்ணீரைத் துப்பிவிட்டுக் கேட்டார்.

"சத்யா எங்கங்க டீச்சர்?"

டீச்சர் கை காட்டினார். கயிற்றுக்கு அப்பால் ஆரஞ்சுப் பாய் வெகு அழகாக வளைந்து, காற்றுக்கு எதிரே போய்க்கொண்டிருந்தது.

"முதல் நாளே இப்டிப் போறாளே!" என்றார் கொளஞ்சிநாதன். அதில் பொறாமை பாதி, பெருமை பாதி.

"முட்டிய மடக்காம காலை அடிங்க சார்" என்றார் டீச்சர்.