அசையாத படம்

மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு மாமியார் உள்ளே வந்தார். "படி இருக்கு," என்றார். மாமனார் காலைத் தூக்கி வைத்தார்.

"கடைசியில மாப்பிள்ளைகிட்டயே மாட்டிக்கிட்டேன்," என்று சிரித்தார். "வேற ஆஸ்பத்திரிக்குப் போலாம்னேன். இவ எங்க கேக்குறா."

கண் நரம்பைப் படம் எடுப்பது என் வேலை. கிளாக்கோமா நோயில் அந்த நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தேய்ந்தது திரும்பாது.

"முகவாயை இதுல வைங்க மாமா. பச்சைப் புள்ளியை மட்டும் பாருங்க."

"அழுது அழுதே இவருக்குக் கண்ணு போச்சு," என்றார் மாமியார். "மக போனதுலேருந்து ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. நீங்க கல்லு மாதிரி இருக்கீங்க. உங்க கண்ணுக்கு என்ன கொறச்சல்."

போன வருடம் என் மனைவி இறந்தாள். காரை ஓட்டியவர் மாமா. பிரேக் பிடிக்கவில்லை என்றார். சாலை நடுவிலிருந்த தடுப்புக்கல்லில் ஏறிக் கார் கவிழ்ந்தது. எல்லோரும் நம்பினோம்.

கணினியில் அவர் பெயரைத் தட்டியதும் பழைய படம் ஒன்று வந்தது. விபத்துக்கு முந்தின வாரம் எடுத்தது. நான் விடுப்பில் இருந்த நாள்.

மாற்றம் தெரிவதற்கு இரண்டு படங்களையும் ஒரே இடத்தில் வைத்து மாற்றி மாற்றிக் காட்டுவோம். நரம்பு மேலும் தேய்ந்திருந்தால் அதன் மேலுள்ள ரத்தக்குழாய் இடம் மாறித் துள்ளும். திரையை மாமியார் பக்கம் திருப்பினேன்.

"இது இன்னைக்கு எடுத்தது. இது அவ உயிரோட இருந்தப்போ எடுத்தது. எங்கயாவது ஆடுதா அத்தை?"

அவர் குனிந்து பார்த்தார். "ஆடலையே."

"அழுது போகலை. அப்பவே போயிருக்கு. நரம்போட மேல்பக்கம் தேஞ்சா, கீழ இருக்கறது தெரியாது. தடுப்புக்கல்லு, படி, எதுவும்."

மாமனார் முகவாய்த் தாங்கியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. எடுக்கலாம் என்று நானும் சொல்லவில்லை.

"டாக்டர் அன்னைக்கு என்ன சொன்னாரு?" என்று மாமியார் அவரைக் கேட்டார்.

"வண்டி ஓட்டவே கூடாதுன்னாரு." இயந்திரத்தைப் பார்த்தபடியே பேசினார். "கார்ல வெளிய போலாம்னு அவ ஆசையா கூப்பிட்டா. கண்ணு தெரியலைன்னு மககிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மாமியார் பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மாமனார் எழுந்து அவசரமாகப் பின்னால் போனார். கதவருகே படி. மாமியார் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

விழுந்த சத்தம் கேட்டது.

முகவாய்த் தாங்கி ஈரமாக இருந்தது. துடைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன்.