பின்னால் ரெண்டு வண்டி

பைக்கின் பின்சீட்டில் கட்டிக்கிடந்த சாக்கு மூட்டையை என் புருஷன் அவிழ்த்துக்கொண்டிருந்தார். மழையில் நனைந்து கயிறு இறுகிப்போயிருந்தது. நகத்தால் நெம்பிப் பார்த்தார், முடியவில்லை. கடைசியில் குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். நான் வாசலில் துணிப்பையோடு நின்றேன். பைக்குள் பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள், ஃப்ளாஸ்க், தேங்காயெண்ணெய் பாட்டில். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் என் மகள் ஐஸ்வர்யாவுக்கு டாக்டர் சொன்ன நாளுக்கு முந்தியே வலி எடுத்துவிட்டது. மருமகன் மணிகண்டபிரபு போன் பண்ணி, "அத்தே, உள்ள கூட்டிட்டுப் போயிட்டாவ. அம்ம எங்க, அம்ம எங்கன்னு ஒங்களத்தான் கேக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான். வளர்ந்த ஆம்பளை அழுதால் எனக்கு எரிச்சல்தான் வரும். அன்றைக்குப் போனை வைத்துவிட்டுத் துணிப்பையைத் தேடினேன்.

விளாத்திகுளத்திலிருந்து வர வேண்டிய பஸ் வரவில்லை. எட்டயபுரம் ரோட்டில் ஓடைப்பாலம் வேலை நடக்கிறது, வண்டியெல்லாம் அங்கேயே நிற்கிறது என்றார்கள். ஆட்டோக்காரரும் ஊரில் இல்லை. வேறு வழியிருந்திருந்தால் இந்த மனிதர் அந்தச் சாக்கில் கையே வைத்திருக்க மாட்டார்.

அந்தச் சாக்குக்குள் ஒன்றும் கிடையாது. மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் கிடந்த காலிச் சாக்குகளைச் சுருட்டி மூட்டையாக்கி, யாரும் உட்கார முடியாதபடி கட்டிவைத்திருந்தார். போன வருஷம் ஆவணியில் பைக்கில் இவரும், பின்சீட்டில் கூட்டாளி சுடலைமணியும் பெரிய ரோட்டில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நின்றார்கள். நின்ற வண்டிதான். ஓடின வண்டிகூட இல்லை. பின்னால் வந்த வேன்காரன் பிரேக் பிடிக்கவில்லை. அது வருவதைச் சுடலைமணி பார்த்துவிட்டு இவர் முதுகில் ரெண்டு தட்டுத் தட்டியிருக்கிறார். வாயில் போடப் பொயிலை கேட்கிறான் என்று இவர் நினைத்து, "பொறுடே" என்றார். அவ்வளவுதான், சுடலைமணி அங்கேயே போய்விட்டார். போலீஸிடமும் சுடலைமணி பெண்டாட்டியிடமும் கேட்டவர்கள் எல்லோரிடமும் இதை ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லிச் சொல்லி ஊருக்கே தெரியும். இவர் காலில் கம்பி வைத்துத் தேறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு முதுகில் யார் கை பட்டாலும் தூக்கிவாரிப்போடும். சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கப் போனால்கூட, "விடு, நானே தேய்க்கேன்" என்று நகர்ந்துவிடுவார்.

பின்னால் ஆளேற்றுவதையும் விட்டார். என்னையும்தான். எங்கே போவதென்றாலும் என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, இவர் தனியாக பைக்கில் முன்னால் போய் இறங்குகிற இடத்தில் காத்து நிற்பார். ஊர் சும்மா இருக்குமா? "ஏட்டி செல்வலட்சுமி, ஒங்களுக்குள்ள என்ன பேச்சுவார்த்த இல்லையா? வீட்டுல பைக்க வச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு டிக்கெட்டா?" என்று பக்கத்து வீட்டு மாரித்தாய் என் மானத்தை வாங்குவாள். இவர் பெயரோ உக்கிரபாண்டி, பயமோ இப்படி. இவரிடம் வாயைத் திறந்து ஏதாவது சொல்லிவிடலாம் என்று பார்ப்பேன். காலை இழுத்து இழுத்து அவர் நடந்து வருவதைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவேன்.

கயிறு அவிழ்ந்தது. சாக்கை எடுத்ததும் அடியில் சீட்டு புதுசு மாதிரி கறுப்பாக இருந்தது. ஹெல்மெட்டை எடுத்து என் தலையில் கவிழ்த்தார்.

"ஒங்களுக்கு?"

"எனக்கு வேண்டாம்."

கொண்டை அழுத்தியது. ரெண்டு காலையும் ஒரு பக்கம் போட்டு உட்கார்ந்தேன். ஒரு வருஷமாகச் சாக்கு கிடந்த சீட்டில் வத்தல் நெடி ஏறிப்போயிருந்ததா, உட்கார்ந்ததும் நாலு தும்மல் போட்டேன். ஹெல்மெட்டுக்குள் தும்மிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். இவர் சிரிக்கவில்லை.

"என்னயப் பிடிக்காத. பின்னால கம்பியப் பிடிச்சுக்கோ" என்றார்.

"விழுந்துட்டேன்னா?"

"விழ மாட்ட. மெதுவாத்தான் போவேன்."

ஐப்பசி மழை மூன்று நாளாக விட்டு விட்டுப் பெய்திருந்தது. ரெண்டு பக்கமும் உளுந்தும் பாசிப்பயறும் முழங்கால் உயரத்துக்கு நின்றன. கரிசல் குடித்தது போக மிச்சத் தண்ணீர் வரப்போரம் மினுங்கியது. தார் ரோடு மட்டும்தான் கெட்டித் தரை. அதை விட்டு ஒரு சாண் இறங்கினாலும் காலைக் கவ்விக்கொள்ளும், செருப்பைக்கூடத் திருப்பித் தராது. சாயங்காலம் ஆகவில்லை என்றாலும் வானம் மூடி இருட்டிக்கொண்டு வந்தது. அவர் முதுகுக்கும் எனக்கும் நடுவே ஒரு குழந்தை உட்காரும் அளவு இடம் விட்டு, கம்பியைப் பிடித்தபடி மகளை நினைத்துக்கொண்டே போனேன். முதல் பிள்ளை. பயந்த சுபாவம். சின்ன வயதில் ஊசி போடவே என் சேலையை வாயில் கடித்துக்கொள்வாள்.

ஓடைப்பாலத்துக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. பாதிப் பாலத்தை உடைத்துப் போட்டு, மறு பாதியில் ஒரு பக்கத்து வண்டிகளை விட்டு, அப்புறம் மறுபக்கத்தை விட்டார்கள். தூரத்தில் ஒருவர் சிவப்புக் கொடியைப் பிடித்து நின்றார். எதிர்ப்பக்க வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக எங்களுக்கு வலது பக்கம் வந்துகொண்டிருந்தன. இவர் வேகத்தைக் குறைத்தார். கழுத்து நரம்பு விடைத்ததை நான் பார்த்தேன். ஒரு வருஷம் கழித்து, பின்னால் ஒரு ஆளை வைத்துக்கொண்டு, முதல் தடவையாக நிற்கப் போகிறார்.

இவர் நிற்கிற விதமே தனி, பஸ் ஜன்னலிலிருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். முன்வண்டியை ஒட்டி நிற்க மாட்டார். ஒரு மாட்டு வண்டி நுழைகிற அளவுக்கு இடம் விட்டு, ரோட்டின் இடது ஓரமாக, முன்சக்கரத்தைக் காலியிடம் பார்த்துத் திருப்பி நிற்பார். சட்டென்று கிளம்ப வண்டியைக் கியரிலேயே வைத்திருப்பார். பிரேக் மிதியை விட்டு விட்டு அமுக்குவார், பின்னால் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரியட்டும் என்று. பார்வை பைக்கின் பக்கக் கண்ணாடியை விட்டு அகலாது. பின்னால் ரெண்டு வண்டி வந்து நின்ற பிறகுதான் மூச்சு விடுவார். ஒரு வண்டி போதாதா என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணு வந்து நின்னா, அதுக்குப் பின்னால வாரவன் அதையும் சேத்துத் தள்ளிட்டு வருவான்" என்றார்.

அப்படித்தான் அன்றைக்கும் நின்றார். முன்னால் ஒரு வைக்கோல் டிராக்டர். நடுவில் காலியிடம். இடது பக்கம் ரோட்டோரத்தைப் பார்த்தார். பார்த்ததும் அவர் தோள் தொங்கிப்போனது. வழக்கமாக ஒதுங்குகிற மண் ஓரம் முழுக்கக் களிச் சேறு. அதில் இறக்கினால் வண்டி புதைந்து நின்றுவிடும்.

"முன்னால எடம் இருக்குல்லா. போதும்" என்றார், எனக்கா தனக்கா தெரியவில்லை.

சொல்லி வாய் மூடவில்லை, ஒரு லோடு ஆட்டோ எங்களைச் சுற்றிக்கொண்டு வந்து அந்த இடத்தில் மூக்கை நுழைத்தது. புதியம்புத்தூர் ரெடிமேடு துணி மூட்டைகள் தலைக்கு மேல் அடுக்கியிருந்தன. பின்கதவை இறக்கிவிட்டு அதன்மேலும் மூட்டைகள்.

"ஏலே, அது எனக்கு விட்ட எடம்டே!" என்று இவர் கத்தினார்.

டிரைவர் பையன் தலையை வெளியே நீட்டினான். "சும்மாதான கெடக்கு அண்ணாச்சி. அங்கன என்ன பந்தி போடப் போறீயளா?"

எனக்கு வந்த கோபத்தில் அவனை நாலு கேள்வி கேட்டிருப்பேன். இவர் குரல் மாறியதால் விட்டுவிட்டேன்.

"செல்வி, எறங்கு. எறங்கி முன்னால நடந்து கொடிக்காரர்ட்ட போய் நில்லு. நான் அங்கன வந்து ஏத்திக்கிடுதேன்."

"இந்தச் சகதியில எங்க நடக்க? வலப்பக்கம் வண்டி வந்துகிட்டே இருக்கு. பேசாம இருங்க, பச்சக் கொடி இப்பக் காட்டிருவாவ."

"எறங்குட்டின்னா!"

"எறங்க மாட்டேன். நீங்க கண்ணாடியப் பாருங்க. நான் திரும்பிப் பாக்கேன். போதுமா?"

வீம்புக்குத்தான் சொன்னேன். ஒருபக்கமாக உட்கார்ந்தவளுக்கு இடுப்பைத் திருப்பினால் பின்ரோடு முழுக்கத் தெரியும். எங்களுக்குப் பின்னால் ஒரு வண்டியும் இல்லை. சற்றுத் தள்ளிச் சின்னப் பாலம் ஒன்று மேடாக எழுந்து, அதற்கு அப்பால் வருவதை மறைத்தது. மேட்டுக்கு இந்தப் பக்கம் வரிசை நிற்பது அந்தப் பக்கம் வருகிறவனுக்குத் தெரியாது. தூறல் போட ஆரம்பித்தது. இவர் பிரேக்கை அமுக்கி அமுக்கி விடுகிற சத்தம் டிக், டிக் என்று கேட்டது. கண்ணாடியில் மழைத்துளி விழுந்து எல்லாம் கலங்கியது. துண்டு நுனியால் துடைத்தார். மறுபடி கலங்கியது.

மேட்டின் மேல் ஒரு டிப்பர் லாரி ஏறி வந்தது. ஜல்லி லோடு. அது இறங்க ஆரம்பித்ததும் டிரைவர் வரிசையைப் பார்த்துவிட்டான் போல, முகப்பு குனிந்தது. ஆனால் வேகம் குறையவில்லை. சக்கரம் சுற்றாமல் ஈர ரோட்டில் வழுக்கிக்கொண்டே வந்தது. ஹார்ன் அடித்தான். கத்தினாலும் ஹெல்மெட்டுக்குள்தான் கேட்டிருக்கும். கை தானாகப் போனது. கம்பியை விட்டு, ஒரு வருஷமாக நான் தொடாத அந்த முதுகில், ரெண்டு தட்டுத் தட்டினேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன என்று கேட்கவில்லை. நான் கையை எடுக்கும் முன்னே வண்டி துள்ளிவிட்டது. நேராகக் கரிசலுக்குள் இறக்கினார். முன்சக்கரம் களியில் புதைந்து, பின்சக்கரம் ஒருமுறை சுழன்று சேற்றை வாரி எறிந்து நின்றது. நான் பக்கவாட்டில் சரிந்து உளுந்துச் செடிகளின்மேல் விழுந்தேன். பின்னால் டமார் என்று ஒரு சத்தம்.

எழுந்து பார்த்தபோது லாரி நின்றிருந்தது. லோடு ஆட்டோவின் பின்கதவுக்கும் லாரி மூக்குக்கும் நடுவே ஒரு மூட்டை நசுங்கிப் பிதுங்கியிருந்தது. சாக்கு கிழிந்து பூப்போட்ட நைட்டிகள் வெளியே தொங்கின. நாங்கள் நின்ற இடம் அதுதான். லோடு ஆட்டோப் பையன் இறங்கி வந்து, நைட்டியைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணாச்சி..." என்றான்.

லாரி டிரைவர் இறங்கிக் கும்பிட்டபடி அழாத குறையாக ஏதோ சொன்னார். ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள். இவர் யாரையும் பார்க்கவில்லை. ஸ்டாண்டு போடாமலே களிக்குள் நேராக நின்ற பைக்கைப் பிடித்தபடி இருந்தார். நான் கிட்டே போனதும் என் கை, தோள், தலை எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டினார்.

"நல்லாத்தான் இருக்கேன். புள்ளையப் பாக்கப் போணும்ங்க" என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

நாலு பேர் சேர்ந்து பைக்கைத் தூக்கி ரோட்டில் வைத்தார்கள். லோடு ஆட்டோப் பையனும் அதில் ஒருத்தன். மட்கார்டுக்குள் அப்பிக்கிடந்த களியைக் குச்சியால் அவனே நோண்டி எடுத்தான். பச்சைக் கொடி காட்டினார்கள். வரிசையில் முன்னால் நின்ற ஒரு பஸ்ஸை இவர் கையால் காட்டினார்.

"கோவில்பட்டி வண்டிதான். ஏறிக்கோ. நான் பின்னாலயே வாரேன்."

பஸ் மெல்ல நகர்ந்தது. ஓடினால் பிடித்திருக்கலாம். வெள்ளைச் சட்டை முதுகில் என் அஞ்சு விரலும் கம்பித் துருவோடு பதிந்திருந்ததைப் பார்த்தேன்.

"இன்னைக்கு ஒரு டிக்கெட்டும் எடுக்க வேண்டாம்" என்று சொல்லி ஏறி உட்கார்ந்தேன். கம்பியை நோக்கிக் கை போனது.

"அங்கன வேண்டாம்" என்றார். முன்னால் பார்த்தபடியே சொன்னார். "தட்டுன எடத்துல வையி."

வைத்தேன். முதுகு ஒருமுறை சிலிர்த்தது. பிறகு அடங்கியது. எட்டயபுரம் தாண்டினோம். கையில் ஒட்டியிருந்த கரிசல் காற்றில் காய்ந்து, அவர் சட்டையோடு சேர்ந்து இறுகியது.

கோவில்பட்டிக்குள் நுழைகிற இடத்தில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். இவர் முன்வண்டிக்கு இடம் விட்டு, ஓரமாக, சக்கரத்தைத் திருப்பி நின்றார். டிக், டிக் என்று பிரேக்கை அமுக்கினார். அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எட்டிப் பார்த்தேன். மணிகண்டபிரபு. அவர் போனை எடுக்கவில்லை, ஒரு கை கிளட்ச்சில், ஒரு கை ஆக்ஸிலேட்டரில். நானும் எடுக்கவில்லை. என் ஒரு கையில் பை, ஒரு கை அவர் முதுகில். திரும்பிப் பின்ரோட்டைப் பார்த்தேன். ஈரத்தில் விளக்குகள் மின்னின. ஒரு ஸ்கூட்டர் வந்து எங்கள் பின்னால் நின்றது.

"ஒண்ணு வந்துட்டு" என்றேன்.

"இன்னொண்ணு?"

போன் அடித்துக்கொண்டே இருந்தது. ரோட்டின் கடைசியில் ஒரு பஸ் திரும்பி, எங்களைப் பார்த்து வந்தது. உள்ளங்கையை அவர் முதுகில் அழுத்தியபடி, அதன் சக்கரம் வழுக்காமல் நிற்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.